வெடிக்காத துப்பாக்கிக்குச் சிரித்தவர்கள்

எல்லாம் ஓசியில் கிடைத்த ஒரு டிக்கெட்டால் வந்த வினை. போகவேண்டாம் என்று நான் தலைகீழாக நின்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியாக இருந்தார். முகத்துக்கு முன்னால் அவரை மேடம் என்போம். எங்களுக்குள் அவர் ஆச்சி. வாரத்தில் ஒரு நாள் மாலையில் ஆச்சி சமைக்கிற குசினியிலிருந்து ஒரு கூட்டமே சிரிக்கும் சத்தம் எங்கள் தரைக்குக் கீழே கேட்கும். விருந்தாளிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வானொலியில் வருகிற நகைச்சுவை நாடகம். எத்தனையோ வருடங்களாக ஓடுகிறதாம். ஓய்வுபெற்ற ஒரு கர்னலும் அவருடைய வேலைக்காரனும் பேசிக்கொள்கிற கதை. இந்த நாட்டில் தாய்க்கும் மனப்பாடம், பிள்ளைக்கும் மனப்பாடம் என்று ஆச்சி பெருமையாகச் சொன்னார்.

ஒருநாள் ஆச்சி படியேறி வந்து கதவைத் தட்டினார். கையில் டிக்கெட்டுகள். அந்த நாடகத்தை ஆட்களை வைத்துக்கொண்டுதான் ஒலிப்பதிவு செய்வார்களாம். நகரத்தின் நடுவில் ஒரு பழைய தியேட்டரில் அடுத்த அத்தியாயம் நடக்கப்போகிறது. கூட வருவதாக இருந்த சிநேகிதிகளுக்குக் காய்ச்சல். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், உங்கள் ஆங்கிலமும் திருந்தும் என்றார்.

அவர் போன கையோடு நான் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, எங்களுக்கெதுக்கு உந்தக் கூத்து? பேசுறது ஒண்டும் விளங்கப்போறேல்லை."

"ஆச்சி ஆசையாக் கேக்கிறா. மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? சும்மா சிரிச்சுப்போட்டு வருவம்."

"நீங்கள் சிரிச்சு நான் எப்ப கண்டனான்?"

கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் உண்மை. என் கணவரின் அகதி வழக்கு தள்ளுபடியாகி அப்பீல் போட்டிருந்த காலம் அது. ஊரில் அவரை இராணுவ முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே ஒருவன் அடிக்கடி வந்து துப்பாக்கியை அவருடைய காதோடு வைத்து விசையை அழுத்துவான். குண்டு இருக்காது. கிளிக் என்று மட்டும் கேட்கும். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதையெல்லாம் அவர் லண்டனில் நேர்முக விசாரணையில் சொல்லியிருந்தார். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இவரே சொல்கிறார், ஆகவே இவருடைய பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. பாழாய்ப்போவார், குண்டு இல்லை என்பது வெடிக்காமல் விட்ட பிறகுதானே தெரியும்! எங்கள் வக்கீல் அதை வாசித்துச் சொன்னபோதுதான் எனக்கே இந்தக் கதை தெரிந்தது. கட்டின பெண்சாதியிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வழக்கு முடியும்வரை மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடவேண்டும் என்று லூயிஷாம் கோயிலுக்கு வருகிற எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒருவரோடும் சண்டை கூடாது, பொலிஸ் கண்ணில் படக் கூடாது. என் கணவர் அதற்கும் ஒரு படி மேலே. காரே இல்லாத தெருவில்கூடப் பச்சை விளக்கு வரும்வரை நின்றுதான் கடப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் அன்று தியேட்டருக்குப் போனார்.

நாடகம் என்றால் திரைச்சீலை, அரண்மனை, வேஷம் என்று நினைத்துப் போனேன். அங்கே மேடையில் நாலைந்து மைக் நட்டிருந்தது. சாதாரண உடுப்பில் பெரிய மனிதர்கள் கையில் தாள்களை வைத்துக்கொண்டு வாசித்தார்கள், வாசித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவ விட்டார்கள். ஒரு பக்கத்தில் சத்தம் போடுவதற்கென்றே ஒருத்தர். அவரிடம் வீடில்லாத ஒரு கதவு, ஒரு தட்டு நிறையச் சல்லிக்கல், கோப்பைகள், சங்கிலி. சல்லிக்கல்லில் அவர் நின்ற இடத்திலேயே நடந்தால் வானொலியில் ஆள் தெருவில் நடக்கிறார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. வசனம் விளங்காவிட்டாலும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

தொடங்குமுன் ஒருவர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். நன்றாகச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும். ஆனால் மேலே சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் இருமக்கூடாது, பேசக்கூடாது, எழும்பவே கூடாது. நாங்கள் வரிசையின் நட்டநடுவில் இருந்தோம். எனக்கு இடப்பக்கம் அவர், அவருக்கு அப்பால் ஆச்சி. இருபக்கமும் முழங்கால்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றைய கதை ஒரு கிராமத்து ஓட்டப்போட்டி. கர்னல் துப்பாக்கியால் சுட்டு ஓட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். ஓட்டக்காரர்கள் குனிந்து நிற்கிறார்கள். கர்னல் கம்பீரமாக எண்ணுகிறார். சத்தக்காரர் நிஜமான ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்து உயர்த்தினார்.

கிளிக்.

வெடிக்கவில்லை. தியேட்டர் கொல்லென்று சிரித்தது. வேலைக்காரன் ஏதோ சொன்னான், இன்னும் சிரித்தார்கள். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

கர்னல் மறுபடி எண்ணினார். கிளிக். மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ர அம்மாளாச்சித் தாயே! காதருகே வெறும் துப்பாக்கியும் சுற்றிவரச் சிரிப்பும். வக்கீல் வாசித்த அதே கதை. இந்த மனிதன் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்? எழும்பிப் போவோம் என்று அவர் கையைப் பிடித்தேன். கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு. எழும்பினால் அத்தனை முழங்கால்களையும் தாண்டவேண்டும், ஊரே பார்க்கும், ஒலிப்பதிவைக் கெடுத்தார்கள் என்று ஆளைக் கூப்பிடுவார்கள். வழக்கு இருக்கிறதே, வழக்கு! நான் எழும்பவில்லை.

மூன்றாம் முறையும் கிளிக். சனங்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கர்னல் வெறுத்துப்போய்த் துப்பாக்கியை மேசையில் எறிந்துவிட்டுத் தேநீர் கேட்டார். கோப்பை கலகலத்தது. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது வெடித்தது.

பிறகு நடந்ததெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். கட்டின பெண்சாதி நான் ஒருபக்கம் இருக்க, அவர் மறுபக்கம் இருந்த ஆச்சியை இழுத்துக் கதிரைகளுக்கு நடுவில் நிலத்தில் போட்டு, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார். ஷெல் குண்டு விழும்போது எங்கள் ஊரில் எப்படிப் படுப்பார்களோ அப்படியே. இரண்டு உள்ளங்கையாலும் ஆச்சியின் காதுகளைப் பொத்தினார். வாய் மூடியிருந்தால் அதிர்ச்சியில் காது வெடித்துவிடும் என்று, பெருவிரலை விட்டு ஆச்சியின் வாயைத் திறக்கப் பார்த்தார். ஆச்சியின் பல்செட் கழன்று என் செருப்படியில் வந்து விழுந்தது. அதோடு நின்றாரா? தொண்டை கிழியக் கத்தினார்:

"ஆச்சி, படுங்கோ! எழும்பாதேங்கோ ஆச்சி! படுங்கோ!"

தியேட்டர் ஒரு கணம் அமைதியாக இருந்தது. பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தது. இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். நடிகர்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை, ஒருவருடைய தாள்கள் கைநழுவிப் பறந்தன. கீழேயிருந்து ஆச்சியின் சிரிப்பும் எனக்குக் கேட்டது. நான் மட்டும் கதிரையில் விறைத்துப்போய் இருந்தேன். இவரைத் தொடவும் பயம், தொடாமல் விடவும் பயம்.

சிவப்பு விளக்கு அணைந்தது. தலையில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளம் பெட்டை குனிந்தபடி ஓடிவந்தாள். ஆச்சி எழுந்து உட்கார்ந்து, பல்லைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவளிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். மேடையிலிருந்து அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆச்சி என் கணவரின் கையைப் பிடித்து எழுப்பி, எங்கள் இருவரையும் வரிசைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் சனங்கள் சிரித்துக்கொண்டு அவருடைய முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவருடைய தோள் துள்ளியது.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஆச்சிக்கு நொந்திருக்குமோ?"

"நொந்திருந்தால் பொலிசுக்குச் சொல்லியிருப்பா. பேசாமல் படுங்கோ." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தொலைந்தது நிம்மதி. வயதுபோன வெள்ளைக்காரப் பெண்ணை இழுத்து விழுத்தியது ஒரு குற்றம். ஒலிப்பதிவைக் குழப்பியது இன்னொரு குற்றம். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணையிடம் போனில் சொன்னேன். ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தால், "அவங்கள் வழக்குப் போட்டால் உங்கட அப்பீல் அதோட சரி. இனி ஒருத்தருக்கும் உதைச் சொல்லாதை" என்றார். நல்ல ஆறுதல்! கதவு தட்டினால் நான் பின்னறைக்குள் ஓடுவேன். வாசலில் கிடக்கிற அவருடைய சப்பாத்தை எடுத்து உள்ளே ஒளிப்பேன், ஆள் வீட்டில் இல்லை என்று நினைக்கட்டும் என்று. அவர் பெற்றோல் நிலையத்து வேலைக்குப் போய் வருவதோடு சரி. வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சாப்பாடு பாதி குப்பைத் தொட்டிக்குப் போனது.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. காட்சியை இரண்டு தரம் எடுத்திருக்கிறார்கள். எதை ஒலிபரப்புவார்கள்? முதல் தரத்தைப் போட்டால் அவருடைய குரல் நாடு முழுக்கக் கேட்கும். குடிவரவு அதிகாரிகளும் வீட்டில் வானொலி வைத்திருக்கிற மனிதர்கள்தானே?

ஒலிபரப்பு நாள் வந்தது. ஆச்சி எங்களைக் கீழே தேநீருக்குக் கூப்பிட்டார். போகாவிட்டால் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில் போனோம். ஆச்சி ஒவ்வொரு அத்தியாயத்தையும் கசெட்டில் பதிந்து வைப்பார், அன்றும் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். என் கணவர் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் நுனியில் இருந்தார். அவருக்குக் கொடுத்த பிஸ்கட் கையிலேயே பொடியாகிக்கொண்டிருந்தது.

கிளிக், சிரிப்பு. கிளிக், சிரிப்பு. மூன்றாவதும் போனது. தேநீர்க் கோப்பை கலகலத்தது. வெடித்தது.

"ஆச்சி, படுங்கோ!"

முதல் தரத்தைத்தான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு விழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதானே, விடுவார்களா? எங்கள் தமிழ் அந்தக் குசினி முழுக்கக் கேட்டது, அதற்குப் பின்னால் லண்டனே சிரித்தது. என் கணவர் எழுந்து கதவைத் திறந்து மேலே போய்விட்டார்.

ஆச்சி சிரிக்கவில்லை. வானொலியை நிறுத்திவிட்டு, உன் கணவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில், பாட்டி, கீழே படுங்கள் என்றேன். எந்தப் பாட்டியிடம் என்றார். உங்களிடம்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஏன் என்று கேட்டார். நான் முகாமைப் பற்றிச் சொன்னேன். வெறும் துப்பாக்கியைப் பற்றி, அதற்கு வந்த முடிவைப் பற்றி, எல்லாம் சொல்லி அழுதேன். ஆச்சி கசெட்டை வெளியே எடுத்து, மேலே வேறெதுவும் பதியாதபடி அதன் ஓரத்துப் பிளாஸ்டிக்கை விரலால் முறித்து, உங்கள் வக்கீலிடம் கொடு என்று என் கையில் வைத்தார்.

வக்கீல் இளம் ஆங்கிலப் பெண். கேட்டதும் துள்ளிக் குதித்தாள். இதை அப்பீல் விசாரணையில் போட்டுக் காட்டவேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, அவர் என்னோடு முதல்முறையாகச் சத்தம் போட்டார்.

"என்ர பயத்தைப் போட்டுக் காட்டப் போறியளோ? ஒருக்கால் எல்லாரும் சிரிச்சது காணாதே உங்களுக்கு?"

"சிரிச்சால் சிரிக்கட்டும். உங்களைத் திருப்பி அனுப்பினால் நான் ஆரோட இருக்கிறது? எனக்கு உங்கட மானம் வேண்டாம், நீங்கள் உயிரோட வேணும்!"

கத்திவிட்டு நான் நிலத்திலேயே இருந்து அழுதேன். அவர் நெடுநேரம் யன்னலடியில் நின்றார். "சரி, போடச் சொல்லும்" என்றார் கடைசியாக.

விசாரணை அறையில் யன்னல் இல்லை. நீதிபதி வயதானவர். அரசாங்கத் தரப்புக்கு ஒருவர், இஸ்திரி கலையாத உடுப்பு. மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர், என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா" என்றார். வக்கீல் கசெட்டைப் போட்டாள். கர்னலின் குரல் கேட்டதும் நீதிபதியின் உதட்டோரம் லேசாக விரிந்தது. முடிந்தது, இவரும் சின்ன வயதிலிருந்து கேட்டுச் சிரித்தவர்தான்.

கிளிக் ஒவ்வொன்றுக்கும் என் கணவர் கண்ணை இறுக்கி மூடினார். வெடித்தது. அவருடைய குரல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் உணர்ச்சியில்லாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது, வக்கீல் நிறுத்தும்வரை.

அரசாங்க ஆள் எழும்பினார். நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போன ஒருவர் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காகச் செய்த வேலை இது, எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றார். பிறகு சாட்சிக்கு வந்திருந்த ஆச்சியைப் பார்த்து, என் கணவரின் குரலுக்கு மிக அருகில் ஒரு பெண் சிரிப்பது கேட்கிறதே, அது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் ஆச்சி.

அப்படியானால் நீங்களும் இதை விளையாட்டு என்றுதானே நினைத்தீர்கள்?

ஆச்சி மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். அந்த இடைவெளியில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னதை, மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஆமாம், நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நிலத்தில் கிடந்துகொண்டு சிரித்தேன். அவர் என்மேல் கவிழ்ந்திருந்தார், அவருடைய நெஞ்சு என் முதுகில் அழுந்தியிருந்தது. அப்போது அவருடைய இதயம் அடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் பிள்ளை பெற்றவள், சாகிற கணவனை மடியில் வைத்திருந்தவள். அப்படி ஓர் இதயம் அடித்து நான் அறியேன். அதோடு என் சிரிப்பு நின்றது, கசெட்டைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். மற்றவர்கள் முதுகில் அது அடிக்கவில்லை. அதனால் அவர்கள் தொடர்ந்து சிரித்தார்கள்.

கடைசி வரியைத் தமிழில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் குரல் உடைந்தது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். கசெட்டைத் திரும்பப் போடச் சொல்லவில்லை.

எனக்கு அந்த இடத்தில் நன்றி வரவேண்டும். வந்தது பொறாமை, உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருடம் கூடவே இருக்கிற எனக்குத் தெரியாத ஒன்று, கீழ்வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கடிதம் வந்தது. அவருடைய பயம் உண்மையானது என்று ஒத்துக்கொள்கிறார்களாம், இந்த நாட்டில் இருக்கலாமாம். நான் கீழே ஓடிப்போய் ஆச்சியைக் கட்டிப்பிடித்து, திரும்ப ஓடிவந்து சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, அழுது, சிரித்து, ஒரு பைத்தியக்காரி மாதிரி வீட்டுக்குள் சுற்றினேன். அவர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து அப்படியே நித்திரையாகிவிட்டார். எப்போதும் சுவர்ப்பக்கம் சுருண்டு படுப்பவர், அன்றைக்குத்தான் மல்லாந்து படுத்தார். பக்கத்தில் போய் இருந்து அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். முகம் ஆறுதலாக நித்திரை கொண்டது. கைக்குக் கீழே இதயம் துரத்தப்படுகிறவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "இனி ஒண்டுமில்லையப்பா, விட்டிட்டாங்கள்" என்று காதுக்குள் சொன்னேன். அது கேட்கவில்லை. கையை எடுக்கப் பயந்து, வெளிச்சம் போகும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.